தண்ணி வந்து எத்தனை நாளாச்சு?

நான் பொதுப்பணித் துறையில் லஸ்கராகச் சேர்ந்த வருடம், ஆடி முடிந்து ஆவணி பிறந்திருந்தது. லஸ்கர் என்றால் என்னவென்று இப்போது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. வாய்க்கால் கரையில் நடக்க வேண்டும், மதகைத் திறந்து மூட வேண்டும், அளவுகோலில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறதென்று நோட்டில் எழுத வேண்டும், கரையில் எலி வளை கண்டால் மேலே சொல்ல வேண்டும். புள்ளம்பாடி வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று ஷட்டர் திருகை என் கையாலேயே சுற்றி ஏரிக்குத் திறந்துவிட்டேன். சாயங்காலம் சாவியை ஒப்படைத்துவிட்டு, ஒரு மூங்கில் தூண்டில், ஒரு கொட்டாங்குச்சி நிறைய நாக்குப்பூச்சி, இவற்றோடு வாய்க்கால் ஏரிக்குள் விழும் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

தண்ணீர் செம்மண் கரைசலாக நுரைத்துக்கொண்டு வருகிறது. கெண்டைகள் அதை எதிர்த்து எதிர்த்துத் துள்ளுகின்றன. ஒன்று என் முழங்காலிலேயே மோதிவிட்டுப் போயிற்று. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தக்கை ஒரு தடவைகூட முங்கவில்லை.

மாட்டை ஓட்டிக்கொண்டு கரை மேல் வந்த என் தாய்மாமன் நின்று பார்த்தார்.

"என்ன மாப்ள, ஒண்ணும் மாட்டலையா?"

"இத்தன மீன் துள்ளுது மாமா, ஒண்ணுகூட கடிக்க மாட்டேங்குது."

"புதுத்தண்ணி வந்த அன்னைக்கி மீன் திங்காதுடா, நடக்கும். நடக்குறவன் சோத்தையா பாப்பான்? மூணு நாள் போகட்டும், வா."

நாலாம் நாள் அவரே கூட்டிப்போனார். வாய்க்கால் வாய்க்கு அல்ல. அங்கிருந்து நூறு தப்படி தள்ளி, புதிதாய்த் தண்ணீர் ஏறிப் புல் முங்கிக் கிடந்த ஓரத்துக்கு. முழங்கால் ஆழம்கூட இருக்காது. "இங்கயா?" என்று கேட்டேன். பேசாமல் இரு என்று கையைக் காட்டினார். இருட்டுவதற்குள் ஒரு சட்டி நிறையக் கெளுத்தி.

அதற்குப் பிறகு 31 வருடம் லஸ்கர் வேலை பார்த்து ஓய்வும் பெற்றாகிவிட்டது. அரியலூர் டீக்கடையில் புது ராடும் ரீலும் வைத்திருக்கும் பையன்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, எப்பப் போனா மீன் கடிக்கும்?" காலையா மாலையா, அமாவாசையா பௌர்ணமியா, போனில் மீன் கடிக்கும் நேரம் காட்டும் ஆப் இருக்கிறதே அது சரியா. நான் திருப்பிக் கேட்பதும் ஒரே கேள்விதான்: அந்த ஏரிக்குத் தண்ணி வந்து எத்தனை நாளாச்சு?

அரியலூரின் தென்பகுதிக்கும் பெரம்பலூருக்கும் இந்தக் கணக்கு வேறு வேறு. திருமானூர் வட்டாரத்தில் பல ஏரிகளுக்கு மேட்டூர்த் தண்ணீர் உண்டு. புள்ளம்பாடி வாய்க்காலை ஆகஸ்டு 1ஆம் தேதி வாக்கில் திறந்து டிசம்பர் 15 வரை, 137 நாள் விடுவது வழக்கம். மேட்டூரில் இருப்பைப் பொறுத்து முன்பின் ஆகும். அங்கே ஷட்டர் திறந்த நாளிலிருந்து எண்ணலாம். பெரம்பலூர்ப் பக்கம் காவிரி எட்டிப் பார்ப்பதில்லை. பச்சைமலையில் பெய்வதுதான் மருதையாறாகவும் கல்லாறாகவும் சின்னாறாகவும் இறங்கி ஏரிகளையும் விசுவக்குடி அணையையும் நிரப்ப வேண்டும். அங்கே ஐப்பசி மழை விட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும். இன்னொன்று, அது பெரும்பாலும் கரிசல் காடு. கரிசல் மண் கலங்கினால் லேசில் தெளியாது. அரியலூரில் நாலாம் நாள் என்றால் பெரம்பலூரில் பத்தாம் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாமா சொன்ன "நடக்கும்" என்ற வார்த்தைக்குப் பின்னால் பெரிய விஷயம் இருக்கிறது. கெண்டை வகை மீன்கள் பலவற்றுக்குப் புதுவெள்ளம்தான் முட்டையிடும் காலத்தின் அறிவிப்பு. வெள்ளத்தின் குளிர்ச்சி, அதன் வேகம், அது கொண்டுவரும் மண் வாசனை எல்லாம் சேர்ந்து மீனைக் கிளப்பிவிடுகின்றன. வயிறு நிறைய முட்டையோடு எதிர்நீரில் ஏறுகிற மீனுக்கு இரை நினைவே இராது. நம் ஏரிகளில் குத்தகைக்காரர்கள் விடுகிற கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைச் சமவெளியின் ஆற்று மீன்கள். நின்ற தண்ணீரில் இவை முட்டையிடுவதில்லை. அதனால் வெகுகாலம் ஆற்றில் குஞ்சு அரித்துத்தான் குளத்தில் விட்டார்கள். 1957 ஜூலை 10ஆம் தேதி ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, மீனின் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசி போட்டு, வெள்ளம் இல்லாமலே இந்த வகை மீன்களை முட்டையிட வைத்தார். ஜூலை 10ஐ மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுவது அதனால்தான். இன்று உங்கள் தூண்டிலில் மாட்டும் கட்லாவின் வம்சம் அந்த ஊசியில் தொடங்கியது. ஆனாலும் புதுத்தண்ணி வந்தால் அதுவும் நடக்கத்தான் பார்க்கிறது. கலிங்கு வழிகிறபோது எல்லாம் அங்கே போய் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த இடத்தில் வலை கட்டி, சினை மீனைக் கூடை கூடையாய் அள்ளுவதை வீரம் என்று வீடியோ போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. தூண்டில்காரனுக்கு மூன்று நாள் பொறுக்கத் தெரிய வேண்டும்.

மூன்று நாள் கழித்து என்ன ஆகிறது? ஏறி வந்த தண்ணீர் புல்லையும் வரப்பையும் எறும்புப் புற்றையும் முங்கடித்திருக்கும். புழுவும் பூச்சியும் மிதக்கும். கலங்கல் கொஞ்சம் அடங்கியிருக்கும். நடந்து களைத்த மீனுக்குப் பசி வந்திருக்கும். எல்லாம் கரையோரத்துக்கு வந்துவிடும். புதியவர்கள் செய்கிற முதல் தப்பு நடு ஏரிக்கு வீசுவது. மீன் அவர்கள் காலடியில் மேய்ந்துகொண்டிருக்கும்.

தண்ணீர் தெளிந்ததா என்று பார்க்க நீர்வளத் துறைக் கருவி ஒன்றும் வேண்டாம். கையை நேராகத் தண்ணீருக்குள் விடுங்கள். மணிக்கட்டு முங்குவதற்குள் உள்ளங்கை கண்ணுக்கு மறைந்தால் அது இன்னும் கலங்கல். அன்றைக்குக் கண்ணால் பார்த்து வேட்டையாடும் விராலைத் தேடிப் பயனில்லை. கெளுத்திக்குப் போகலாம், அதற்கு மீசைதான் நாக்கு, இருட்டிலும் சேற்றிலும் ருசி பார்த்துக்கொண்டே வரும். கோழிக்குடலோ நாக்குப்பூச்சியோ, வாடை இருந்தால் போதும். முழங்கை முங்கும் வரை உள்ளங்கை தெரிந்தால் நல்ல தண்ணீர். முழங்கையையும் தாண்டிப் பளிங்காய்த் தெரிந்தால் உங்களை மீன் பார்த்துவிடும். வெள்ளைச் சட்டையோடு கரை மேல் நிற்காதீர்கள்.

இனி விடிகாலை விஷயம். மீன் பிடிக்க விடியலில் போக வேண்டும் என்பது எல்லோரும் சொல்வது. ஓடுகிற தண்ணீரில், கொள்ளிடத்தில், அது சரிதான். ஏரியில் எல்லா நாளும் சரியல்ல.

மீனும் மூச்சு விடுகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத்தான் செவுள் எடுக்கிறது. தண்ணீர் சூடாக ஆக அது ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் திறன் குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். இது காற்றோடு நன்றாகக் கலந்த தண்ணீரின் கணக்கு. பங்குனி, சித்திரையில் நம் ஏரிகள் பச்சைப் பசேலென்று பாசி பிடித்துக் கிடக்கும். பகலில் அந்தப் பாசி வெயிலை வாங்கி ஆக்சிஜன் விடும். ராத்திரியில் அதுவே ஆக்சிஜனை இழுக்கும். மீன் இழுக்க, பாசி இழுக்க, அடிச்சேற்றில் அழுகுவது இழுக்க, விடிவதற்குச் சற்று முன்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகவும் குறைந்து நிற்கும். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கெண்டை இனம் தவிக்கும். மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். பார்க்கிறவர்கள் "ஆஹா, மேல மேயுது" என்று தூண்டிலை வீசுவார்கள். மேய்ச்சல் இல்லை அது, மூச்சுத் திணறல். அன்றைக்கு வெயில் ஏறி ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகட்டும்; எட்டு, எட்டரைக்கு மேல் மீன் கீழே இறங்கி இரை தேடும். இல்லையென்றால் சாயங்காலம் போங்கள். பகலெல்லாம் பாசி வேலை செய்திருக்கும், தண்ணீரில் மூச்சு இருக்கும், சூடும் தணியும். கோடை ஏரிக்குச் சாயங்காலம்தான் என் ஓட்டு.

மார்கழி வேறு மாதிரி. அப்போது மூச்சுக்குப் பஞ்சமில்லை, குளிர்தான் தடை. பனி இறங்கிய விடியலில் கரையோரத் தண்ணீர் சில்லிட்டிருக்கும், மீன் ஆழத்தில் சோம்பிக் கிடக்கும். ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஓரத்தண்ணீரைச் சூடேற்றியதும் வரும். வீட்டில் பொங்கல் சாப்பிட்டுவிட்டு நிதானமாகவே போகலாம்.

இந்த மூச்சுக் கணக்குக்கெல்லாம் அடங்காத ஒரு கூட்டம் உண்டு: விரால், குரவை, தேளி, பனையேறிக் கெண்டை. இவை செவுளோடு, மேலே வந்து காற்றையும் நேராக விழுங்கி மூச்சு விடும். அதனால்தான் சேற்றுத் தண்ணீரிலும் பிழைக்கின்றன, சந்தையில் அலுமினியக் குண்டானில் மணிக்கணக்காய் உயிரோடு நெளிகின்றன. விராலுக்குப் போகிறவன் தக்கையைப் பார்க்க மாட்டான், தண்ணீரைப் பார்ப்பான். தாமரை இலைக்கும் கோரைக்கும் நடுவில் "ப்ளக்" என்று ஒரு சத்தம், ஒரு வளையம். மேலே வந்து காற்று குடித்துவிட்டுப் போயிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அங்கேயே திரும்ப வரும். சிறு தவளையையோ கெண்டைக் குஞ்சையோ கோத்து அந்த இடத்தில் மெல்ல வைக்க வேண்டும். விராலுக்கு வெயில் பகை இல்லை. பத்து, பதினோரு மணிக்கு மற்றவர்கள் சுருட்டிக்கொண்டு கிளம்பும்போதுதான் நான் இடம் மாறி உட்காருவேன். ஒன்று மட்டும்: செக்கச் செவேலென்று குஞ்சுகள் பந்துபோல் மேலே வந்து வந்து போனால், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன. எதைப் போட்டாலும் பாயும். பசியால் அல்ல, குஞ்சைக் காக்க. அதைத் தூக்கிவிட்டால் அந்தப் பந்தைக் குரவையும் கெண்டையும் ஒரு மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும். என் மாமா கொஞ்சம் முரடர்தான், ஆனால் குஞ்சுக்கார விராலைத் தொட்டதில்லை.

ஜிலேபி மீனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1952இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. இன்று அது இல்லாத குட்டை இல்லை. தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பதால் எந்தத் தண்ணீரிலும் பெருகிவிடுகிறது. எந்நேரமும் கடிக்கும். பேரப்பிள்ளைகளுக்குத் தூண்டில் பழக்க நல்லது.

காற்றுக்கு வருகிறேன். இங்கிலாந்தில் ஐசக் வால்டன் என்பவர் 1653இல் தூண்டில் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். உலகம் முழுக்கத் தூண்டில்காரர்கள் வேதம்போல் வைத்திருக்கும் புத்தகம். தென்காற்று நல்லது, கீழ்க்காற்று ஆகாது என்பது அதில் வரும் ஒரு கருத்து. அவர்கள் ஊருக்குக் கீழ்க்காற்று குளிரையும் வறட்சியையும் கொண்டுவரும், அதனால் அப்படி. நம் ஊருக்குக் கிழக்கே வங்கக் கடல். கொண்டல் வீசினால் மழை வாசனை. அவர் சட்டத்தை இங்கே கொண்டுவந்து பொருத்தினால் நல்ல நாளெல்லாம் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

நம் ஏரியின் அமைப்பைப் பாருங்கள். நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே சரிவதால் ஏரிக்கரை பெரும்பாலும் கிழக்கே இருக்கும். தண்ணீர் மேற்கிலிருந்து வந்து கரையில் தேங்கும். ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது, மேலே மிதக்கும் பாசி, பூச்சி, விதை எல்லாம் கிழக்கே ஒதுங்கி, கரையின் கல்லில் வந்து மோதும். அலை அடித்து அடித்து அங்கே மூச்சும் கலக்கும். சாப்பாடும் காற்றும் ஒரே இடத்தில். ஆடி, ஆவணியில் அலை மோதுகிற கரைப்பக்கம்தான் உட்கார வேண்டும், முகத்தில் தண்ணீர் தெறித்தாலும். நிறையப் பேர் காற்று முதுகில் அடிக்கிற மாதிரி எதிர்ப்பக்கம் உட்காருகிறார்கள். தூண்டில் வீச வசதி, அவ்வளவுதான். மார்கழி, தையில் வாடை வீசும்போது எல்லாம் புரண்டுவிடும். தெற்கு, மேற்கு ஓரத்து மேட்டுத் தண்ணீரில் கோரை இருக்கும் பக்கம் போகலாம். வாடை, கொண்டல், தென்றல், கோடை என்று நாலு திசைக்கு நாலு பெயர் வைத்த பாஷை நம்முடையது. ஆப்பில் அம்புக்குறி பார்க்க வேண்டியதில்லை.

மழைக்கு முன் மீன் நன்றாகக் கடிக்கும் என்பது எல்லா நாட்டிலும் உள்ள பேச்சு. காற்றழுத்தம் குறைவதை மீன் தன் வயிற்றுக் காற்றுப்பையால் உணர்ந்துவிடும் என்று காரணமும் சொல்வார்கள். நானும் நம்பிக்கொண்டிருந்தேன், ஒருநாள் அளவுகோல் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கும் வரை. சாதாரண நாளில் காற்றழுத்தம் 1010 மில்லிபார், வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் நிற்கும் நாளில் 1000 என்று வையுங்கள். வித்தியாசம் 10 மில்லிபார். தண்ணீருக்குள் 10 சென்டிமீட்டர் கீழே இறங்கினாலே அழுத்தம் அத்தனை கூடிவிடும். அதாவது அரைச் சாண். இரையைப் பார்த்து அரைச் சாண் மேலும் கீழும் போகிற மீன் நாள் முழுக்க அந்த மாற்றத்தை அனுபவித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆக, அழுத்தத்தை விட மற்றவை பெரிது என்று நினைக்கிறேன்: மேகம் மூடி வெளிச்சம் மங்குகிறது, மீனுக்குத் தைரியம் வருகிறது, காற்று எழுந்து தண்ணீரைக் கிளறுகிறது, ஈசலும் பூச்சியும் தண்ணீரில் விழுகின்றன. தூறல் தொடங்கும் முன் அரை மணி, தூறல் நின்று அரை மணி. இந்த ஒரு மணி நேரத்துக்காக நான் வேலையையே விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். இதை இப்போது சொல்லலாம், பென்ஷன் வந்துவிட்டது.

இடி முழங்கினால் உடனே எழுந்துவிட வேண்டும். இப்போது வரும் ராடுகள் கார்பன், மின்சாரம் கடத்தும். வெட்டவெளிக் கரையில் பத்தடி உயரத்துக்குக் கம்பி பிடித்துக்கொண்டு நிற்பதும் அதுவும் ஒன்றுதான்.

கோடைமழையில் வேறொரு கூத்து நடக்கும். ஒரு சித்திரையில், நாலு நாள் மூட்டம் போட்டு, ஐந்தாம் நாள் ராத்திரி பேய்மழை பெய்தது. மறுநாள் விடியலில் ஒரு ஏரி முழுக்க மீன் செத்து மிதந்தது. குத்தகை எடுத்தவர் தலையில் அடித்துக்கொண்டார். யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்று இரண்டு தெருவுக்குள் கைகலப்பு வரை போயிற்று. மதகுச் சாவி வைத்திருந்ததால் என்னையும் ஒருவர் சட்டையைப் பிடித்தார். நான் செத்த மீனைப் புரட்டிப் பார்த்தேன். பெரிய பெரிய கட்லா, ரோகுதான் மிதந்தன. சின்னக் கெண்டை அத்தனை இல்லை. விரால் ஒன்றுகூட இல்லை, தவளை கத்திக்கொண்டிருந்தது. மருந்து என்றால் இப்படிப் பாகுபாடு பார்க்காது. மூட்டத்தில் பாசி வேலை செய்யவில்லை, மழை விழுந்து மேல்தண்ணீர் குளிர்ந்து கீழே இறங்க, அடிச்சேற்றின் அழுகல் தண்ணீர் மேலே புரண்டிருக்கிறது. இருந்த கொஞ்ச மூச்சும் போயிற்று. பெரிய உடம்புக்கு நிறைய மூச்சு வேண்டும், அது முதலில் போகும். காற்று குடிக்கிற விரால் தப்பிக்கும். மீன்வளத் துறையிலிருந்து வந்தவரும் அதையே சொன்ன பிறகுதான் சட்டையை விட்டார்கள். அந்த மாதிரி மழைக்குப் பிறகு ஒரு வாரம் அந்த ஏரியில் தூண்டிலுக்கு வேலை இல்லை.

அமாவாசை, பௌர்ணமி பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. அமெரிக்காவில் ஜான் ஆல்டன் நைட் என்பவர் 1926இல் சந்திர சூரிய ஓட்டத்தை வைத்து மீன் கடிக்கும் நேரம் கணிக்கும் முறையை உருவாக்கினார். போனில் வரும் ஆப்களில் பெரும்பாலானவற்றுக்கு அவர்தான் தாத்தா. கடலில் ஓதம் ஏறி இறங்குகிறது, அங்கே நிலா கணக்கில் வரும். நம் ஏரியில் ஓதம் ஏது? நிலாவில் எனக்குத் தெரிந்து ஒன்றுதான் விஷயம், வெளிச்சம். கெளுத்தியும் விலாங்கும் இருட்டில் இரை தேடுபவை. அமாவாசையை ஒட்டி இருட்டியதும் நன்றாக வரும். பௌர்ணமியில் ராத்திரி முழுக்க வெளிச்சம் இருப்பதால் மேய்ச்சல் ராத்திரியில் பரவிப் போகிறது, மறுநாள் காலை மந்தம். மாமா அமாவாசையன்று வீட்டில் சைவம் என்பதால் மீன் பிடித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்.

இந்த யோசனையெல்லாம் புதிதில்லை. 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த மானசோல்லாசம் என்ற நூலில் தூண்டிலுக்கென்றே ஒரு பகுதி உண்டு. எந்த மீனுக்கு எந்த இரை என்று ராஜா உட்கார்ந்து எழுதியிருக்கிறார். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1887இல் ஏரி, குளத் தூண்டிலுக்காகவே தனிப் புத்தகம் போட்டார். இன்னும் பின்னே போக வேண்டுமென்றால் இந்த மண்ணே கடலாக இருந்தது. காரை கிராமத்துப் பக்கம் ஓடைகளில் சுறாப் பல் கல்லாகிக் கிடக்கிறது, ஏறக்குறைய 10 கோடி வருடத்துக்கு முந்தைய கடல். அந்தச் சுறா எந்த நேரத்தில் கடித்தது என்று யாருக்குத் தெரியும்.

எப்போது போகக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மருதையாறு வருடத்தில் பாதி நாள் மணலாய்க் கிடக்கும். மலையில் பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்து நிற்கும். 1956 நவம்பர் 23ஆம் தேதி விடியலில் அரியலூர் அருகே இந்த ஆற்றின் பாலம் வெள்ளத்தில் நிலைகுலைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. 140 பேருக்கு மேல் போய்விட்டார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியது இந்த விபத்துக்காகத்தான். ஐப்பசி, கார்த்திகையில் இந்த ஆற்று நடுவில் பாறை மேல் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கொள்ளிடத்தில் அணைக்கரைக் கீழணை, 1836இல் கட்டியது. ஷட்டருக்குக் கீழே நுரைக்கிற தண்ணீரில் மூச்சும் மீனும் அதிகம்தான். ஆனால் ஷட்டரை ஏற்றுகிற கை எனக்குத் தெரியும். மேலிருந்து தகவல் வந்தால் கீழே யார் தூண்டில் போடுகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சங்கு ஊதினால் கரையேறுங்கள். கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் பள்ளங்களில் தண்ணீர் நீலமாய் நின்று கூப்பிடும். செங்குத்து ஓரம், சறுக்கினால் பிடிக்க ஒரு வேர்கூட இருக்காது. அங்கே எந்த நேரமும் நல்ல நேரமில்லை.

கரைவெட்டி ஏரிக்கும் தூண்டிலை எடுத்துப் போக வேண்டாம். 1999இலிருந்து பறவைகள் சரணாலயம், 2024 ஜனவரியில் ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ஆனால் கார்த்திகை, மார்கழியில் வெறுங்கையோடு ஒருநாள் போய் உட்காருங்கள். நீர்க்காகம் எப்போது கூட்டமாய் முங்குகிறது, எப்போது சிறகை விரித்து வெயில் காய்கிறது, மடையான் எந்த ஓரத்தில் அசையாமல் நிற்கிறது என்று பாருங்கள். அரை நாளில் நான் இங்கே எழுதியதில் பாதி தெரிந்துவிடும். மற்ற ஏரிகளில் மீன்பாசி ஏலம் எடுத்தவர் யாரென்று விசாரித்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருவது மரியாதை. பெரும்பாலும் தூண்டிலுக்கு வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். மருந்தும் வெடியும் வைத்து மீன் பிடிப்பது 1897ஆம் வருடச் சட்டத்திலேயே குற்றம், அதைப் பற்றிப் பேசவும் பிடிக்கவில்லை.

மாசி பிறந்தால் என் கேள்வி மாறிவிடும். தண்ணி வந்து எத்தனை நாளாச்சு என்பது போய், தண்ணி போக இன்னும் எத்தனை நாள் என்று ஆகும். ஏரி சுருங்கச் சுருங்க மீன் ஆழக் குழியில் ஒதுங்கும். அப்போது கடிக்கிற மாதிரி எப்போதும் கடிக்காது. இடம் குறைவு, இரை குறைவு, வாய் அதிகம். இரண்டு மூன்று வாரம்தான். பிறகு தண்ணீர் குழம்பாகி, கட்லா வாயைப் பிளக்க ஆரம்பிக்கும். ஏலக்காரர் பிடிக்கிற அளவுக்குப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை ஊருக்கு விட்டுவிடுவார். முதல் நாள் ராத்திரியே தண்டோரா, இப்போது வாட்ஸ்அப். விடியலில் சுற்றுவட்டாரமே ஊத்தாவும் கச்சாவலையும் கொசுவலையுமாகக் கரையில் நிற்கும். பெரியவர் ஒருவர் துண்டை வீசியதும் அத்தனை பேரும் சேற்றில் இறங்குவார்கள்.

போன வருடம் அப்படி ஒரு நாளில் பழக்கதோஷத்தில் தூண்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டேன். இடுப்பளவு சேற்றில் நின்ற ஒரு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னங்க பெரியவரே, எல்லாம் அண்டாவோட வந்துருக்கு, நீங்க குச்சியோட வந்துருக்கீங்க. பிடிங்க இத" என்று ஒரு விராலைத் தூக்கிக் கரைக்கு எறிந்தார். அது என் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்து, காற்றை விழுங்கிக்கொண்டு, சாவகாசமாய்க் கிடந்தது.